கதை எழுத்து, பாட்டு எழுத்து, பஸ் எழுத்து

மகள் பள்ளிக்கூடம் போகாத அந்த வருடம் எங்கள் பிரிட்ஜ் கதவில் மூன்று பட்டியல்கள் ஒட்டியிருந்தன. மூன்றும் சிறுவர் புத்தகப் பட்டியல்கள். பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிப்பிக்கிற கத்தோலிக்கத் தாய்மார் எழுதி இணையத்தில் போட்டவை. நான் தேடிப் பிடித்து, கொழும்புக் காலி வீதியில் பிரின்ட் எடுத்துவந்து ஒட்டியிருந்தேன். எழுதியவர்கள் எல்லோரும் குளிர் நாட்டுக்காரர். எல்லோரும் மிகுந்த நிச்சயத்தோடு எழுதியிருந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்பவில்லை.

ஏழு வயதுவரை எழுத்தையே காட்டாதீர்கள், சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைக்குப் பசி தானாக வரும் என்றது முதலாவது. நான்கு வயதில் தொடங்காவிட்டால் பிந்திவிடும் என்றது இரண்டாவது. மூன்றாவது வயதைப் பற்றி மூச்சே விடவில்லை. அது புத்தகங்களைத் திருவழிபாட்டு ஆண்டின்படி அடுக்கியிருந்தது. திருவருகைக் காலத்துக்கு இன்னின்னவை, தவக்காலத்துக்கு இன்னின்னவை, புனிதர்களின் திருநாள்களுக்கு ஒவ்வொன்று. சூனியக்காரி வருகிற கதைகள் முதலாவதில் பிள்ளையின் மனதுக்குச் சத்துணவு. இரண்டாவதில் வீட்டுப் படி ஏறக் கூடாதவை. நான் மூன்றையும் நம்பினேன். காலையில் ஒரு பட்டியல் சொன்னபடி எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். பின்னேரம் மற்றப் பட்டியலை வாசித்துவிட்டு, ஏன் சொல்லிக் கொடுத்தேன் என்று கவலைப்படுவேன்.

மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு. முதலாம் வகுப்புக்குப் போக வேண்டியவளை ஒரு வருடம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று கணவரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். நான் கொழும்பின் வட பக்கம், கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். இருட்டோடு ஸ்கூல் வான் வண்டியில் ஏறி, பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி, பின்னேரம் ரியூஷனில் அதையே திரும்பவும் பாடமாக்கி, அப்படியே பல்கலைக்கழகம் வரைக்கும் போய் வந்தவள். எவ்வளவோ படித்தேன். வாசித்தேனா என்று கேட்டால் தெரியாது. கலியாணம் செய்து வெள்ளவத்தைக்கு வந்து, ரயில் பாதைப் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு இந்தப் பட்டியல்களை முதன்முதலில் கண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையை மடியில் இருத்தி நல்ல புத்தகங்களை வாசித்துக் காட்டுவதே படிப்பு என்கிறார்களே! இதைவிட வேறென்ன வேண்டும்?

என் கணவருக்குக் கப்பல் கம்பனி ஒன்றில் வேலை. வந்திறங்கிய சாமான்கள் காகிதத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய தொழில். "ஒரு வருஷம் பாப்பம்" என்றார். என் அக்கா கொட்டாஞ்சேனையில் கன்னியர் மடம் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கோயில் பாடகர் குழுவிலும் அவளுடைய குரல்தான் முன்னுக்குக் கேட்கும். "எங்கட காலத்தில இப்பிடி வீட்டில நிண்டா பள்ளிக்கூடக் கள்ளி எண்டு சொல்லுறவை. இப்ப அதுக்கு இங்கிலீஷில ஒரு பேர் வந்திட்டுதாக்கும்" என்றாள்.

முதல் சிக்கல் புத்தகம். பட்டியல் இருக்கிறது, பட்டியலில் உள்ளது ஒன்றும் கொழும்பில் இல்லை. தமிழில் அதைப் போல எதையாவது பிடிக்கலாம் என்று காலி வீதியில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன்.

"சின்னப் பிள்ளையளுக்கு வேதக் கதைப் புத்தகம் ஏதும் இருக்கோ, ஐயா?"

கடைக்காரர் உற்சாகமாக ஏணி வைத்து ஏறி, தூசி தட்டி, தடித்த ஒரு புத்தகத்தை இறக்கினார். அட்டையில் தாடி வைத்த முனிவர்கள் தீ வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு வேதமும் இதுக்குள்ள இருக்கு பிள்ளை. சுருக்கமா, படத்தோட."

எங்கள் வீட்டில் வேதம் என்றால் எங்கள் சமயம். ஊரும் எங்களை வேதக்காரர் என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லுக்கு இன்னொரு வீடும் இருக்கிறது என்பது படித்த எனக்கு அந்த நிமிடத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

"இல்லை ஐயா... இது சேசுநாதர் வாற வேதம்."

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓ, நீங்கள் வேதக்காரரோ! முதலே சொல்லுறதில்லையோ? நான் நெத்திப் பொட்டைப் பாத்து ஏமாந்திட்டன். அது கொட்டாஞ்சேனைப் பக்கம்தான் கேக்கோணும். இஞ்ச இந்தியாவில இருந்து வந்த பொதுக் கதையள் கிடக்கு, பாக்கிறீங்களோ?"

பட்டியலில் இல்லாததால் நான் பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் கேட்டேன். செபமாலை இருந்தது, புனிதர்களின் சுரூபம் இருந்தது, நவநாள் செபப் புத்தகம் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கென்று நிறந்தீட்டுகிற புத்தகம் ஒன்றுதான் இருந்தது.

கடைசியில் கனடாவில் இருக்கிற மச்சாள்தான் கைகொடுத்தாள். பட்டியல்களை அனுப்பினேன். அவள் அங்கே பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கி, பெட்டியில் போட்டு, இடைவெளிகளில் பிள்ளைகளின் உடுப்புகளை அடைத்து அனுப்பினாள். எல்லாம் ஆங்கிலம். பட்டியலில் இருந்தவையும் வந்தன, இல்லாதவையும் வந்தன. பெட்டியைத் திறந்தபோது வீடெல்லாம் ஒரு குளிர் நாட்டு வாசனை.

என் பிள்ளைகளோடு நான் தமிழில்தான் கதைப்பேன். அதில் எனக்குப் பிடிவாதம். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆங்கிலப் புத்தகத்தை மடியில் விரித்து, கண்ணால் ஆங்கிலத்தில் வாசித்து, வாயால் தமிழில் சொல்வேன். நிறுத்தாமல், தடக்காமல். படத்தில் இறக்கையோடு ஒருவர் வந்தால் எங்கள் இரவுச் செபத்தில் வருகிற சம்மனசு என்பேன். பனி கொட்டினால் பிரிட்ஜின் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டுவேன். மகளுக்கு வரிக்குக் கீழே விரல் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தது இரண்டாவது பட்டியல். விரலும் ஓட்டினேன். ரயில் போகிற நேரத்தில் மட்டும் நிறுத்தி, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவேன். மகள் என் விரலை விடாமல் பார்த்தபடி இருப்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் காலை, இரண்டாவது பட்டியலின் முறை. வெள்ளை அட்டையில் மூன்று ஆங்கில எழுத்துகள் எழுதிக் காட்டினேன். படம் எதுவும் இல்லை.

"சீ, ஏ, ரீ. சேத்துச் சொல்லுங்கோ பாப்பம்."

"பூனை" என்றாள் மகள்.

"இல்லைச் செல்லம். எழுத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"எழுத்தைப் பாத்துத்தான் சொல்லுறன். பூனை."

வேறொரு அட்டையில் வேறு மூன்று எழுத்துகள் எழுதினேன். "நாய்" என்றாள். பெரிய சொல்லாகப் பார்த்து எழுதினேன். "வீடு." இன்னொன்று. "மழை." ஒன்று மட்டும் பிழையாய்ப் போனது, குதிரையைக் கழுதை என்றாள்.

நான் அட்டைகளைக் கையில் வைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக்கூட உச்சரிக்கத் தெரியாது. ஆனால் ஆங்கில எழுத்தைப் பார்த்தால் அதன் பொருள் தெரிகிறது. மாதக்கணக்காக நான் ஆங்கில எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டித் தமிழில் சொன்னேன் அல்லவா? தமிழை எழுதுவதே இந்த எழுத்தால்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். எழுத்துகளைச் சேர்த்தால் சத்தம் வரும் என்பதை நான் அவளுக்குக் காட்டவேயில்லை. நேரே பொருள் வந்தது.

வேலையால் வந்த கணவரிடம் அட்டைகளைக் காட்டிச் செய்து காட்டினேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று பார்த்தார்.

"இது வாசிப்போ, மொழிபெயர்ப்போ?"

"தெரியேல்லை."

"உம்மட லிஸ்றுகளில இதுக்கு என்ன போட்டிருக்கு?"

"ஒண்டும் போடேல்லை. இப்பிடி ஒண்டு நடக்குமெண்டு அவைக்குத் தெரியாதே."

இணையத்தில் அந்தத் தாய்மாரிடமே கேட்டேன். ஒருவர் செபியுங்கள் என்றார். ஒருவர் கண் வைத்தியரிடம் காட்டுங்கள் என்றார். ஒருவர் தன் மகனும் அப்படித்தான் என்று எழுதி, நீளமாக வேறெதையோ சொன்னார். பிள்ளை மேதையா, நான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா என்று தெரியாமல் நான் அன்று சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

அக்கா கேள்விப்பட்டு அடுத்த விடுமுறை நாளே வந்துவிட்டாள். ரீச்சர் அல்லவா, பையிலிருந்து பேனை எடுத்து, ஒரு தாளில் பெரிதாகத் தமிழில் 'பூனை' என்று எழுதி மகளுக்கு முன்னால் வைத்தாள்.

"இது என்னம்மா?"

மகள் அதைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"பயப்பிடாமச் சொல்லு."

தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்று.

"எடியே" என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். "இங்கிலீஷில எழுதினாத் தமிழில சொல்லுறாள். தமிழில எழுதினா வாய் திறக்கிறாள் இல்லை. பிள்ளையை என்ன செய்து வைச்சிருக்கிறாய் நீ?"

"அவளுக்கு இன்னும் ஏழு வயசு ஆகேல்லை அக்கா. முதலாவது லிஸ்றில..."

"உன்ர லிஸ்றைக் கொண்டுபோய்க் கடலில போடு. நான் எங்கட பள்ளிக்கூடச் சிஸ்டரோட கதைச்சனான். தை மாதம் ரெண்டாம் வகுப்பில ஒரு இடம் வைச்சிருக்கிறா. மார்கழியில, நத்தார் பெருநாளுக்கு முந்தின ஞாயிறுக்குள்ள ஓமோ இல்லையோ சொல்லோணும். பிறகு கேட்டாக் கிடையாது."

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் ஒரு முடிவு சொன்னார். அவருடைய வழக்கப்படி அளந்து சொன்னார். "அந்த ஞாயிறு, பிள்ளை முன்னப்பின்னப் பாக்காத தமிழ்ப் புத்தகத்தில ஒரு பக்கம் தானா வாசிக்கோணும். வாசிச்சா, அடுத்த வருஷமும் உம்மட கையில. வாசிக்காட்டி, தை மாதம் பள்ளிக்கூடம். சரியோ?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, எனக்கு அது பிடிக்கவுமில்லை.

அதன் பிறகு வந்த வாரங்களில் பட்டியல்களை மறந்துவிட்டு ஆனா, ஆவன்னா தொடங்கினேன். மகள் எழுத்துகளை அழகாக எழுதினாள். 'ழ'வின் வாலை என்னைவிட வடிவாக வளைத்தாள். கானா, ஙானா என்று கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லவும் சொன்னாள். ஆனால் இரண்டு எழுத்தைச் சேர்த்து வைத்தால் வாய் பூட்டிக்கொண்டது. கெஞ்சினேன், மிட்டாய் காட்டினேன், ஒரு நாள் கத்தியும் விட்டேன்.

"ஏனம்மா வாசிக்கிறீங்கள் இல்லை?"

"இந்த எழுத்தில கதை இல்லை அம்மா" என்றாள், எனக்காக இரங்குகிறவள் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்குத்தான் போவோம். வெள்ளவத்தையிலும் கோயில் உண்டு. ஆனால் எனக்குப் பழகிய கோயில் அதுதான். பஸ்ஸில் ஒரு ஞாயிறு, இறங்குகிற கதவுக்கு மேலே எழுதியிருந்த சிங்கள எழுத்தை மகள் காட்டினாள்.

"அது பஸ் எழுத்து."

"அது சிங்களம்."

"ஓம். பஸ்ஸுக்கும் பொலிசுக்கும்." கொண்டக்டரிடம் நான் சிங்களத்தில் கதைத்துச் சில்லறை வாங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அது தனக்கு முன்பே தெரியும் என்பது போலச் சொன்னாள். "கதைப் புத்தகத்தில இருக்கிறது கதை எழுத்து."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப அம்மா சொல்லித் தாற ஆனா, ஆவன்னா என்ன எழுத்து?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மகன் தன் செருப்பொன்றை ஜன்னலால் காலி வீதியில் போட்டுவிட்டான். பிறகு கூச்சல், கொண்டக்டரின் ஏச்சு, ஒற்றைச் செருப்போடு அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறக்கம். கேள்வியை நான் மறந்துபோனேன். அந்தப் பதில் அன்றே கிடைத்திருந்தால் எத்தனை வாரங்களின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

கோயிலில் எங்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். மகன் இருந்த இடத்தில் இருக்க மாட்டான். ஆகவே நானும் அவனும் வெளியே, வாசல் மண்டபத்தில். கணவர் உள்ளே, ஆண்கள் பக்கம். மகளை அக்கா மேலே, பாடகர் குழு நிற்கிற மாடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அங்கே அவள் சத்தம் போடாமல் இருக்கிறாள் என்பதற்கு மேல் நான் ஒன்றும் விசாரித்ததில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு வந்தது. பூசை முடிந்து அக்காவும் எங்களோடு வெள்ளவத்தைக்கு வந்தாள். இறைச்சிக் கறி அடுப்பில் இருந்தது. கணவர் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார். காலி வீதியில் அதே புத்தகக் கடையில் முந்தின நாள் வாங்கி, எனக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்தார். பிரித்தார். இந்தியாவில் அச்சான கதைப் புத்தகம். அட்டையில் ஒரு கொக்கு.

"முதல் பக்கம்" என்றார்.

மகள் புத்தகத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். வழக்கம் போல வாயை மூடிக்கொண்டாள். நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன். அக்கா பெருமூச்சு விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன்.

"வாசிக்கத் தெரியாதோ, குஞ்சு?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியும். ஆனா இது வீடு எல்லோ."

"வீடெண்டா என்ன?"

"வீட்டிலயும் பாடலாமோ?" என்று மகள் பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

அக்காவுக்கு விளங்கவில்லை. எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஏதாவது நடந்தால் போதும் என்று, "பாடலாம், பாடுங்கோ" என்றேன் நான்.

மகள் விரலை முதல் எழுத்துக்குக் கீழே வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூசையில் முதல் வாசகத்துக்குப் பிறகு பாடுகிற பதிலுரைப் பாடலின் இராகத்தில் தொடங்கினாள்.

"கழ...னி...யில்... உழ...வன்... நின்...றா...ன்..."

கடைசி எழுத்தை மேலே தூக்கி, கீழே இறக்கி, அக்கா முடிப்பது போலவே முடித்தாள். அந்த இறக்கம் கேட்டதும் மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்த மகன் தலையை நிமிர்த்தாமலே, புனிதர்களின் மன்றாட்டு மாலையில் சனங்கள் பதில் சொல்வது போல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றான்.

"கொக்...கு... பற...ந்து... வந்...த...து..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

கணவர் எழுந்து மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தார். துறைமுகத்தில் சாமானையும் காகிதத்தையும் ஒப்பிடுவதும் இப்படித்தான் இருக்கும். விரல் போன இடத்தில் குரல் போனது. 'ற'வில் ஒரு தரம் தடக்கினாள், திரும்பிப் போய் எடுத்தாள். பக்கத்தின் நடுவில் திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, இந்த ஆள் ஏன் களனியில நிக்கிறார்? பாலத்துக்குக் கீழயோ? முதலை இருக்குமே!"

வத்தளைக்குப் போகும்போது களனி ஆற்றுப் பாலத்தைக் கடப்போம். ஒவ்வொரு முறையும் ஆற்றின் பெயரைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். எங்கள் வாயில் 'ழ'வும் 'ள'வும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்; கழனி என்று வேறொரு சொல் இருப்பதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. நாங்கள் வயல் என்போம். அந்தச் சொல்லை அவள் எங்கிருந்தும் பாடமாக்கியிருக்க முடியாது. எழுத்திலிருந்து எடுத்தாள். சத்தத்தைச் சரியாக எடுத்து, ஆளை ஆற்றுக்குள் இறக்கிவிட்டாள்.

"இவள் வாசிக்கிறாள்!" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"பாடுறாள்" என்றாள் அக்கா.

"ஆர் பாடச் சொல்லித் தந்தது?" என்று கணவர் மகளைக் கேட்டார்.

"பெரியம்மா. இது பாட்டு எழுத்தெல்லோ. பாட்டுப் புத்தகத்தில விரல் வைச்சுக்கொண்டு பாடுறது. மேல நிண்டு கதைக்கக் கூடாது, பாட்டு மட்டும்தான் எண்டு பெரியம்மா சொன்னவ."

அக்கா வாயில் கையை வைத்தாள். பிள்ளை சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று, பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் சரித்து, பாடுகிற வரிக்குக் கீழே விரல் ஓட்டிக் காட்டியிருக்கிறாள். ஞாயிறு ஞாயிறாக. அன்று அக்கா தாளில் 'பூனை' என்று எழுதிக் காட்டியபோது மகள் வாயை மூடியது ஏனென்று அப்போதுதான் விளங்கியது. பாட்டு எழுத்தைக் காட்டி, அதுவும் பெரியம்மாவே, சொல்லு என்கிறாள்! பாடு என்று சொல்லவில்லை. பிள்ளை எதை நம்புவது?

"அப்ப பிள்ளையைப் படிப்பிச்சது நானோ?" என்றாள் அக்கா. "கடவுளே. என்ர கதையை நானே என்ர வாயால வெட்டிப்போட்டன்."

"எழுத்துச் சொல்லிக் குடுத்தது நான்" என்றேன்.

"எழுத்துச் சொல்லிக் குடுத்தாய். வாய் திறக்க வைச்சது ஆர்?"

"லிஸ்றில பாட்டுப் புத்தகம் இருக்கோ?" என்று கணவர் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார்.

மூன்றிலும் இல்லை. எனக்குப் பார்க்காமலே தெரியும்.

"பாடாமச் சொல்லு பாப்பம்" என்று அக்கா மகளிடம் கேட்டாள். "அதே வரி. சும்மா சொல்லு."

மகள் முயன்றாள். "க..." என்றாள். நின்றாள். முகம் சிவந்தது. இராகத்தை எடுத்துவிட்டால் எழுத்தும் எழுத்தும் ஒட்டவில்லை.

"பாத்தீங்களோ? இதை வாசிப்பெண்டு ஆரும் ஒப்புக்கொள்ளாயினம்" என்றாள் அக்கா.

கணவர் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திரும்பவும் பார்த்தார். "தானா ஒரு பக்கம் வாசிக்கோணும் எண்டுதான் நான் சொன்னனான். பாடக் கூடாதெண்டு நான் சொல்லேல்லை. எழுத்து ஒண்டும் பிழையாப் போகேல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா, இது நான் நினைச்சதும் இல்லை."

எனக்கு வென்றவளின் சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற மணம்தான் வந்தது. ஒரு எழுத்தில் இவளுக்குப் பொருள் தெரிகிறது, சத்தம் தெரியாது. மற்ற எழுத்தில் சத்தம் வருகிறது, பொருள் ஆற்றில் போகிறது. இரண்டையும் கூட்டினால் ஒரு வாசிப்பு வருமா? எனக்கு உண்மையாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போனால் ஒரு மாதத்தில் இதெல்லாம் நேராகிவிடும் என்று என் மனதே ஒரு பக்கம் சொன்னது. நேராக்கத்தான் வேண்டுமா என்று மறு பக்கம் கேட்டது.

அப்போது மகள் அக்காவின் கையைப் பிடித்தாள். பள்ளிக்கூடம் பற்றி நாங்கள் கதைத்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்; இந்தச் சின்ன வீட்டில் ஒளித்துக் கதைக்க இடமில்லை.

"பெரியம்மா, உங்கட பள்ளிக்கூடத்தில வாசிக்கேக்க பாட விடுவினமோ?"

அக்கா பதில் சொல்ல வெளிக்கிட்டாள். எப்போதும் கையில் பதில் வைத்திருக்கிறவள். "சங்கீதப் பாட நேரத்தில..." என்று தொடங்கி, நிறுத்தினாள். மகளின் தலையைத் தடவினாள். புத்தகத்தைத் திறந்து மூடினாள்.

"எத்தனை பிள்ளையள் தெரியுமோ என்ர வகுப்பில?" என்று என்னிடம் சொன்னாள், கோபமாக. "ஒண்டு பாடினா மற்றதுகள் எல்லாம் சிரிக்கும். நானே ஏசுவன். ஏசாம என்ன செய்யிறது? பாடம் முடிக்கோணுமே." பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "இடத்தை விடட்டோ?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"விடுங்கோ" என்றேன்.

"நிச்சயமோ?"

"இல்லை. ஆனா விடுங்கோ."

அக்கா பல்கனிக்குப் போய்ச் சிஸ்டரோடு கதைத்தாள். அந்த நேரம் ரயில் போனதால் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து, "கறி எரியுது" என்றாள். சாப்பிடும்போது, பாடகர் குழுவின் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது, அட்டை கிழிந்தது, கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். "இரவல்தான். திருப்பித் தரோணும்" என்றும் சொன்னாள்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. பட்டியல்கள் பிரிட்ஜ் கதவிலேயே இருக்கின்றன. மூன்றாவதில் தவக்காலப் பகுதியை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். கனடாவிலிருந்து இன்னொரு பெட்டி வந்தது. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தால் மகள், "இதைச் சொல்லுங்கோ" என்கிறாள். தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால், "இதைப் பாடுங்கோ" என்கிறாள். எனக்குக் குரல் கிடையாது. பிறந்த வீட்டில் பாட்டு முழுவதும் அக்காவுக்குப் போய்விட்டது. இருந்தாலும் கொக்கையும் உழவனையும் பாடுகிறேன். மகன் வரிக்கு வரி பதில் சொல்கிறான். கீழ் வீட்டு அன்ரி ஒரு நாள் படியில் நிறுத்தி, "ஒவ்வொரு நாளும் செபம் வைக்கிறீங்கள், நல்ல விஷயம்" என்றார். நான் மறுக்கவில்லை. மகள் பாடாமல் சில சொற்களைச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். மெதுவாக, இராகத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு. உதடு அசைவதைப் பார்த்தால் தெரியும். இது முன்னேற்றமா, இழப்பா என்று எந்தப் பட்டியலைக் கேட்பது?

போன வாரம் வத்தளைக்குப் போனோம். பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது மகள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆற்றைக் குனிந்து பார்த்தாள்.

"கழனி எண்டா வயல் எண்டு சொன்னனான் எல்லோ" என்றேன்.

"தெரியும்."

"பிறகென்ன பாக்கிறீங்கள்?"

"சும்மா. அந்த ஆள் நிக்கிறாரோ எண்டு."

பஸ் நகரவில்லை. நானும் அவளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.